ரெண்டு கார்ன் ஸ்நேக் ஒரே டேங்க்ல, சின்னது எலியைக் கக்கிடுச்சு, என்ன பண்றது?

காவேரிப்பட்டணம்_தம்பி:
வணக்கம். ஒரு வருஷத்துக்கு மேல ஒரு கார்ன் ஸ்நேக் வச்சிருக்கேன், 3 அடி கண்ணாடி டேங்க், ஒரு ஓரத்துல அடியில சூடு குடுக்கிற ஹீட் மேட், சூட்டை அளவா வைக்க தெர்மோஸ்டாட் இருக்கு, அது மேல ஒளிஞ்சிக்க ஒரு மண்சட்டி கவுத்து வச்சிருக்கேன், மறு ஓரம் தண்ணிக் கிண்ணம். இதுவரைக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல. போன மாசம் பெங்களூர்ல இருந்த ஃப்ரெண்டு வேலை மாறிப் போறான்னு அவனோட கார்னையும் என்கிட்ட குடுத்துட்டான், அது சின்னது. பாவம் தனியா கெடக்குதே, தொணையா இருக்கும்னு அதே டேங்க்ல விட்டுட்டேன். முதல் வாரம் சட்டிக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணு சுருண்டு படுத்துதுங்க, தங்கச்சி ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்லாம் வச்சா. இப்ப பத்து நாளா சின்னது கிண்ணத்து பக்கத்துலயே கெடக்கு. ஞாயித்துக்கிழமை தனி டப்பால வச்சு எலி குடுத்து, தின்னு முடிச்சதும் எடுத்து டேங்க்ல விட்டேன், செவ்வாய் காலையில பாத்தா பாதி கரைஞ்ச எலியைக் கக்கி வச்சிருக்கு, நாத்தம் தாங்கல. அம்மா ஏற்கனவே ஃப்ரீசர்ல எலி டப்பா இருக்குன்னு கோவத்துல இருக்காங்க. நடுவுல கண்ணாடித் தடுப்பு போட்டா சரியாகிடுமா?

ஓசூர்_குளிர்:
தம்பி முதல்ல சின்னதைத் தனியா எடு, இன்னைக்கே, மீதியை அப்புறம் படி.

ஒண்ணு மேல ஒண்ணு படுக்கிறது பாசம் இல்லப்பா. கார்ன் அமெரிக்கா காட்டுல தனியா திரியிற சாதி, நம்ம ஊர் சாரை மாதிரி, இணை சேர்ற நேரம் தவிர இன்னொண்ணு எதுக்கு அதுக்கு? உன் டேங்க்ல சூடான எடம் ஒண்ணு, ஒளியிற எடமும் அதே ஒண்ணு. ரெண்டுக்கும் அதுதான் வேணும். பெருசு மேல ஏறிப் படுத்து எடத்தைப் புடிச்சிக்கும், சின்னது கொஞ்ச நாள் பொறுத்துட்டு வெளிய வந்துடும். சண்டை போடாது, கடிக்காது, அதான் நமக்கு வெளங்காம போயிடுது. இந்த மார்கழி குளிர்ல எலியை முழுங்கிட்டு தண்ணிக் கிண்ணத்து ஓரம் படுத்தா எப்படி செரிக்கும், உள்ளயே அழுக ஆரம்பிச்சு வெளிய தள்ளிடும். விடியக்காலைல அந்தப் பக்கம் எவ்ளோ டிகிரின்னு பாத்து சொல்லு, அப்படியே ரெண்டையும் எடை போடு.

இன்னொண்ணு, தின்ன உடனே கையில எடுத்து மாத்தினல்ல, அதுவே கக்க வைக்கும். தின்னா 2 நாள் தொடவே கூடாது.

அரூர்_ஆளு:
ஒரு சந்தேகம் ப்ரோ, கார்ன்னா சோளம் திங்குமா?

ஓசூர்_குளிர்:
எங்க பாட்டியும் இதேதான் கேட்டாங்க. சோளக் குதிர்ல எலி புடிக்க வரும், அதான் அந்தப் பேருன்னு சொல்வாங்க, வயித்துல இருக்கிற கட்டம் சோளக்கதிர் மாதிரி இருக்கிறதாலன்னும் சொல்வாங்க. திங்கிறது எலிதான்.

தக்காளி_மண்டி:
எல்லாம் ஓவர் பில்டப். நான் பாலக்கோட்டுல ரெண்டு பொட்டை கார்ன் ஒரே டேங்க்ல 3 வருஷமா வச்சிருக்கேன், ஒரே ஈத்துல பொரிச்சதுங்க, ஒண்ணும் ஆகல. தம்பி பயப்படாத.

காவேரிப்பட்டணம்_தம்பி:
அண்ணா பாத்துட்டேன். காலை 5 மணிக்கு சட்டிக்குள்ள 30, கிண்ணத்துப் பக்கம் 19. மளிகைக்கடை அண்ணன் தராசை வாங்கி எடை போட்டேன் (பாம்புக்குன்னு சொல்லல), பெருசு 365 கிராம், சின்னது 118 கிராம். இவ்ளோ வித்தியாசம் இருக்கும்னு நெனைக்கல. ஃப்ரெண்டு சின்னதை பொட்டைன்னு சொன்னான். பெருசு வால் நீளமா, தொடக்கத்துல தடியா இருக்கு.

ஓசூர்_குளிர்:
வால் அப்படின்னா பெருசு கடாவாத்தான் இருக்கும், உறுதியா தெரிய டாக்டர்கிட்ட காட்டு. கடாவா இருந்தா இன்னும் மோசம். பொட்டை 300 கிராம் தாண்டாம, 3 வயசு ஆகாம முட்டை வச்சா முட்டை உள்ளயே சிக்கி செத்தே போகலாம். கடா அதெல்லாம் பாக்காது. போதாக்குறைக்கு, மூணு மடங்கு எடை வித்தியாசம். ராஜநாகம் மாதிரி பாம்பையே பொழப்பா திங்கிறது இல்லதான், ஆனா சின்னது மேல எலி வாசனை ஒட்டியிருந்தா கார்னும் கார்னை முழுங்கினது உண்டு.

தடுப்பு வேணாம். விரல் நுழையாத சந்துலயும் நுழைஞ்சிடும், சூடு ஒரு பக்கம்தான் வரும், உண்ணி இருந்தா ரெண்டு பக்கமும் போயிடும். 50 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா வாங்கு, ரெண்டு பக்கமும் மூடியில க்ளிப் இருக்கிறதா பாத்து, சால்டரிங் அயர்ன்ல ஓட்டை போடு. மூணுல ஒரு பங்கு அடியில மேட், தெர்மோஸ்டாட் கண்டிப்பா தனியா, 30ல வை. சூட்டுப் பக்கம் ஒண்ணு குளிர்ப் பக்கம் ஒண்ணு, ரெண்டு ஒளியிற எடம். கீழ இப்போதைக்கு பேப்பர் போதும், தேங்கா நார்த்தூள் வேணாம், கக்கினா, கழிஞ்சா உடனே தெரியணும்.

அப்புறம் 12 நாள் பட்டினி. தண்ணி மட்டும். பாவம்னு எதையும் குடுத்துடாத, கக்கும்போது வயித்து ஆசிட் எல்லாம் போயிருக்கும், தொண்டையும் புண்ணா இருக்கும். அப்புறம் வழக்கமா திங்கிறதுல பாதி சைஸ் எலி ஒண்ணு. மறுபடியும் கக்கினா, இல்ல நடு உடம்புல வீக்கம் தெரிஞ்சா கழிவை எடுத்துக்கிட்டு ஊர்வன பாக்குற டாக்டர்கிட்ட போயிடு, கிரிப்டோன்னு ஒரு வயித்துக் கிருமி இருக்கு, வந்தா உறுதியா குணமாக்கிற மருந்து கெடையாது, ப்ளீச்சுக்கும் சாகாது. புதுசா வந்த பாம்பை 2-3 மாசம் வேற ரூம்லயே வச்சுப் பாக்கணும்னு சொல்றது இதுக்குத்தான். அதை நீ முதல் நாளே கோட்டை விட்டுட்ட, பரவால்ல, இனிமே பெருசையும் கவனி. பெருசைப் பாத்துட்டு அப்புறம் சின்னதைப் பாரு, நடுவுல கை கழுவு.

தக்காளி_மண்டி அண்ணா, உங்க ரெண்டையும் ஒரு தடவை எடை போட்டுப் பாருங்களேன். ஒரே டேங்க்ல இருந்தா எது கக்குச்சு, எது கழியலன்னே தெரியாதே.

அரூர்_ஆளு:
எங்க காட்டுல ஒரு மண்ணுளி இருக்கு, அதைப் புடிச்சு கார்ன் பக்கத்துல தனி டேங்க்ல வைக்கலாமா? லட்சக்கணக்குல போகும்னு வேற சொல்றாங்க.

ஓசூர்_குளிர்:
லட்சம் எல்லாம் ஏமாத்துறவன் கதை. மண்ணுளி 1972 வனவிலங்கு சட்டத்துல வருது, புடிச்சா கேஸு. அது காட்டுலயே இருக்கட்டும்.

தக்காளி_மண்டி:
எடை போட்டேன். ஒண்ணு 470, ஒண்ணு 310. ஒரே நாள் பொரிச்சதுங்க, ஒரே சைஸ் எலிதான் போடுறேன். சரி, டப்பா எந்தக் கடையில வாங்கினீங்க?

காவேரிப்பட்டணம்_தம்பி:
அண்ணா அப்டேட். தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பாத்திரக் கடையில டப்பா கெடைச்சுது. 12 நாள் பட்டினி போட்டேன், அம்மாவே பாவம்னு ரெண்டு தடவை வந்து எட்டிப் பாத்தாங்க. நேத்தோட 6 நாள் ஆச்சு சின்ன எலி குடுத்து, கக்கல. இன்னைக்கு காலையில பேப்பர் மேல கழிஞ்சிருக்கு, அதைப் பாத்து சத்தம் போட்டு எல்லாரையும் கூப்பிட்டேன், தங்கச்சி இதையும் ஸ்டேட்டஸ் வைக்கவான்னு கேக்குறா. அடுத்த எலி எப்ப குடுக்கட்டும்?

ஓசூர்_குளிர்:
இன்னும் 4 நாள் போகட்டும். மறுபடியும் அதே பாதி சைஸ்தான். இன்னும் ரெண்டு மூணு தடவை அதே சைஸ்.