‘மேடம்’ என்று மட்டுமே அழைக்க வேண்டும் என்ற உத்தரவும் எனக்கு வந்த மெமோவும்

கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிந்தபோது, நோயாளிகளை ‘சார்’, ‘மேடம்’ என்று மட்டுமே அழைக்க வேண்டும், உறவுமுறை சொல்லி அழைக்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பி, எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். ஐம்பது வயதுப் பெண் ஒருவரை யாரோ ‘பாட்டி’ என்று அழைக்கப்போய், அவர் மனம் நொந்து புகார் கொடுத்ததே அதற்குக் காரணம். அவருடைய வருத்தம் நியாயமானது; அதை நான் மறுக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து, வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்த, வீட்டில் தெலுங்கு பேசும் மூதாட்டி ஒருவருக்கு இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை நடந்தது. அன்றிரவு நான் “மேடம், வலி இருக்கிறதா?” என்று கேட்டேன். பெண் டாக்டர் யாரோ வந்திருக்கிறார் என்று நினைத்து அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, கட்டில் கம்பியை இறுகப் பற்றியபடியே, இல்லை என்று தலையசைத்தார். நான் குனிந்து தெலுங்கில் “அவ்வா, நொப்பி உந்தா?” (பாட்டி, வலிக்கிறதா?) என்றதும் என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். போர்வையை விலக்கினால், கட்டு முழுவதும் இரத்தத்தில் நனைந்திருந்தது. உடனே பணி மருத்துவரை அழைத்தேன். மறுநாள் எனக்கு வந்தது, உத்தரவை மீறியதற்கான மெமோ.

அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமையை அரசுக்கு எதிராக மட்டுமே கோரலாம் என்றே பல காலம் சொல்லப்பட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் அவ்வுரிமையைக் கோரலாம் என்று 4-க்கு 1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஆனால் மாதச் சம்பளத்தை நம்பி வாடகை வீட்டில் இருக்கும் ஒரு செவிலியர், ஒரு சொல்லுக்காக வழக்குத் தொடுக்க முடியுமா? ‘உங்களை எப்படி அழைக்கட்டும்?’ என்று நோயாளியிடமே கேட்டுக்கொள்ளும் உரிமையைத்தான் நான் விளக்கக் கடிதத்தில் கேட்டேன். பதில் வரவில்லை.

*

பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். மேலே எழுதியிருக்கும் செவிலியர் சகோதரி சொன்னதற்கு நேர்மாறானது எங்கள் அனுபவம். எழுபது வயதைக் கடந்த என் தந்தையை ஒரு மருத்துவமனையில் “யோவ், கையை நீட்டு” என்றார்கள். வீடு திரும்பும் வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பின் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போகவும் மறுத்துவிட்டார். எனவே, மரியாதைக் குறைவாகப் பேசக் கூடாது என்று நிர்வாகம் கண்டிப்பதை நான் ஆதரிக்கிறேன். எந்தச் சொல்லால் அழைப்பது என்பதையும் அதுவே விதிப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், எங்கள் ஊர்ப் பெண்ணே இப்போது மாதந்தோறும் மாத்திரை கொண்டுவருகிறார். அவர் “பெரியப்பா” என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தால் தந்தை நாற்காலியை இழுத்துப் போடுகிறார். எங்களிடம் மறைத்து வைத்திருந்த பாதப் புண்ணை முதன்முதலில் காட்டியதும் அவரிடம்தான்.