லைன் ஆஃப் சைட்: பார்வைக்கோடா, நோக்குக்கோடா?

வணக்கம்.

இடையில் மறைப்பில்லாமல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் நேர்கோட்டை ஆங்கிலத்தில் 'லைன் ஆஃப் சைட்' என்கிறார்கள். அதற்குப் 'பார்வைக்கோடு' இருக்கும்போது 'நோக்குக்கோடு' என்று இன்னொரு சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். நில அளவைக்கு அது போதும். கோணம் அளக்கும் தொலைநோக்கிக் கருவியான தியோடலைட்டுக்குப் பின்னால் ஒரு கண் இருக்கிறதே. சமவெளியில் மரங்கள் மறைத்ததால், தென்னிந்தியாவை அளந்த ஆங்கிலேய அளவையாளர் லாம்டனின் ஆட்கள் கோயில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே இழுக்கும்போது அது சுவரில் மோதிச் சேதமானது. அத்தனை பாடும் ஒரு பார்வைக்கோட்டுக்காகத்தான்.

ரேடியோவுக்கு வரும்போதுதான் இந்தச் சொல் இடிக்கிறது. 30 மீட்டர் கோபுரத்தின் உச்சியில் நின்றால் கண்ணுக்குத் தொடுவானம் சுமார் 19.5 கி.மீ. காற்றுமண்டலம் அலையைச் சற்றே வளைத்துவிடுவதால் ரேடியோவுக்கு அது 22.5 கி.மீ. வரை போகும். ஆக, கண்ணுக்கு எட்டாததும் அலைக்கு எட்டும்.

நேர்மாறாகவும் நடக்கும். 3 கி.மீ. தள்ளியிருந்த ஒரு கம்பத்துக்கு 5.8 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் இணைப்புக் கொடுத்தேன். மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் தென்னங்கீற்றுகளுக்கு நடுவே கம்பம் பளிச்சென்று தெரிந்தது. ஆனாலும் காற்றடித்தால் இணைப்புப் போய்விடும். காரணம், அலை நூல்போலப் போவதில்லை. புகைக்கும் சுருட்டுப்போல நடுவில் பருத்துப் போகிறது. அந்தத் தூரத்தில் நடு ஆரம் 6 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இந்தப் பருத்த பகுதிக்கு ஃபிரெனெல் வலயம் என்று பெயர். அதன் ஆரத்தில் 60 விழுக்காடாவது மறைப்பில்லாமல் இருக்க வேண்டும். கம்பம் தெரிகிறதே என்று நம்பி, தென்னையை மறந்தது என் தப்பு.

அதனால் கண்ணோடு ஒட்டாத சொல் வேண்டும். 'கிழக்கு நோக்கிய வீடு' என்கிறோம். வீட்டுக்கு ஏது கண்? 'கிழக்கு பார்த்த வீடு' என்றும் சொல்கிறோமே என்று மடக்குவீர்கள், சரிதான். ஆனால் 'பார்வை' என்று பெயர்ச்சொல்லாக்கியதும் கண் வந்து ஒட்டிக்கொள்கிறது. 'நோக்கு' திசையையும் சேர்த்தே சுமக்கிறது.

இன்னொன்று, ஆங்கிலம் ஒரே சொல்லில் இரண்டைச் சொல்கிறது: கோடு ஒன்று, மறைப்பில்லாத நிலை இன்னொன்று. தமிழில் பிரித்துவிடலாம். கோட்டுக்கு நோக்குக்கோடு, நிலைக்கு நேர்நோக்கு. வானியலில், இந்தக் கோட்டின் வழியே ஒரு விண்பொருள் நம்மை நெருங்கும் அல்லது விலகும் வேகத்துக்கு 'ஆரத் திசைவேகம்' ஏற்கெனவே புழங்குகிறது, அதைத் தொட வேண்டாம்.

நேர்நோக்கு என்றால் நேர்காணல், நேர்மறை எல்லாம் நினைவுக்கு வருமே என்பது நியாயமான ஆட்சேபம். வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: "இரண்டு கோபுரங்களுக்கும் நேர்நோக்கு இல்லை, நடுவே தண்ணீர்த்தொட்டி மறைக்கிறது." நாக்கு இடறவில்லை. "பார்வைக்கோடு இல்லை" என்றால்தான் யாரோ கோடு போட மறந்ததுபோல் இருக்கிறது.