பட்டாவில் 1 – 5.50, அப்பாரு சொன்னது ஒரு வள்ளம்: எதை நம்புவது?

கேட்டவர்: கொறங்காட்டான்

அனைவருக்கும் வணக்கம். வெள்ளகோவில் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு கொறங்காடு இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், மழை பெய்தால் கொழுக்கட்டைப்புல். மாடு மேய்வதற்கென்றே விட்டிருக்கும் காடு. எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா) அதைக் கடைசி வரை 'ஒரு வள்ளம் காடு' என்றே சொல்லி வந்தார். இப்போது நானும் தங்கையும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று காகிதங்களை எடுத்துப் பார்த்ததில்தான் குழப்பம் தொடங்கியது.

பட்டாவில் புன்செய்ப் பரப்பு 1 – 5.50 என்று இருக்கிறது. அதை 1.55 ஹெக்டேர் என்று எடுத்துக்கொண்டு 2.471 ஆல் பெருக்கினால் 3.83 ஏக்கர் வருகிறது. வள்ளம் என்பது ஏறத்தாழ நான்கு ஏக்கர் என்று ஊரில் சொல்வதால், அப்பாரு சொன்னதோடு இது ஒத்துப்போகிறது. ஆனால், அவர் என் அப்பாவுக்கு எழுதிக்கொடுத்த தானசெட்டில்மெண்ட் பத்திரத்தில் 'புன்செய் ஏக்கர் 2.61' என்றே கண்டிருக்கிறது. ஒரு ஏக்கர் இருபத்திரண்டு சென்ட் எங்கே போயிற்று, அல்லது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: ஈரோடு எழுத்தர்

எங்கும் போகவில்லை, எங்கிருந்தும் வரவில்லை. பட்டாவைத் தாங்கள் படித்த விதத்தில்தான் பிழை. பட்டாவில் கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது ஹெக்டேர், வலப்பக்கம் இருப்பது ஏர். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர். நூறு ஏர் சேர்ந்தது ஒரு ஹெக்டேர். ஆகவே 1 – 5.50 என்றால் ஒரு ஹெக்டேரும் ஐந்தரை ஏரும், அதாவது 105.5 ஏர், தசமத்தில் எழுதினால் 1.055 ஹெக்டேரே தவிர 1.55 அன்று. ஓர் ஏர் 2.471 சென்ட் என்பதால், 105.5 ஏருக்கு 260.7 சென்ட் வரும். பத்திரத்தில் உள்ள 2.61 ஏக்கர் அதேதான்.

1 – 55.00 என்று இருந்திருந்தால்தான் தங்கள் கணக்கு சரி. வலப்பக்கம் ஒற்றை இலக்கமாக இருக்கும்போது அதற்கு முன் ஒரு சுழியை எழுதிக்கொண்டு, 1 – 05.50 என்று படிக்கப் பழகிவிட்டால் இந்தத் தவறு நேராது. என்னிடம் வருகிறவர்களில் நன்றாகப் படித்தவர்களே இதில்தான் அதிகம் வழுக்குகிறார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற அளவர்

மேலே சொன்ன கணக்கு சரி. தாங்களே இன்னொரு வழியிலும் சோதித்துக்கொள்ளலாம். பழைய புலப்படம் கிடைத்தால், அதில் பக்க அளவுகள் அடியிலோ மீட்டரிலோ இருக்காது, லிங்க்கில் இருக்கும். நூறு லிங்க் சேர்ந்தது ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. ஒரு லிங்க் 7.92 அங்குலம். அந்தக் காலத்து அளவர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், ஆயிரம் சதுர லிங்க் சரியாக ஒரு சென்ட் என்பதுதான். காடு கிட்டத்தட்ட நீள்சதுரமாக, ஒரு பக்கம் 522, மறுபக்கம் 500 லிங்க் என்று வைத்துக்கொண்டால், பெருக்கி வரும் 2,61,000-ஐ ஆயிரத்தால் வகுத்த மாத்திரத்தில் 261 சென்ட் கைக்கு வந்துவிடும். அதே எண்களை அடி என்று எண்ணி, 435.6 சதுர அடி ஒரு சென்ட் என்று வகுத்தவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்தக் காடு ஆறு ஏக்கராகத் தெரியும்! பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோவதற்கு அது போதாதா?

இன்னொன்று. பட்டாப் பரப்பு பெரும்பாலும் .00 அல்லது .50 என்றே முடிவதைக் கவனித்திருப்பீர்கள். அரை ஏர் என்பது ஏறத்தாழ ஒன்றேகால் சென்ட். எனவே பழைய ஏக்கர் கணக்குக்கும் இன்றைய ஏர் கணக்குக்கும் இடையே அரை சென்ட், ஒரு சென்ட் வேறுபட்டால் அதற்காக யாரும் அளவுக்கல்லைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பதில்: தாளவாடி விவசாயி

எங்கள் பகுதியில் இருக்கும் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். சாமராஜநகர் பக்கமும் நிலம் வைத்திருப்பவர்கள் குண்டாவில் பேசுவார்கள். நாற்பது குண்டா ஓர் ஏக்கர். ஆகவே ஒரு குண்டா இரண்டரை சென்ட், 1,089 சதுர அடி. ஏர் என்பது 1,076 சதுர அடி. இரண்டும் ஒன்றுதான் என்று வாய்க்கணக்கில் தள்ளிவிடலாம். கிரயத்தில் தள்ள முடியாது. நூறு ஏரை நூறு குண்டாவாகக் கொண்டால் மூன்று சென்ட் தவறும். இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளில் பிகா, கட்டா என்று வடநாட்டு அளவுகளெல்லாம் வரிசையாக வரும். பிகா மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது என்பதால் அதைத் தொடாமலிருப்பதே நல்லது.

என் மருமகன் தஞ்சாவூர்க்காரர். அவர்கள் ஊரில் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. மா என்பது ஏறத்தாழ 33 சென்ட். தன் தாத்தாவுக்கு ஒரு வேலி இருந்தது என்று அவர் பெருமையாகச் சொன்னபோது, ஒரு வேலி கட்டுவதில் என்ன பெருமை என்று நாங்கள் விழித்தோம். ஆறரை ஏக்கருக்கும் மேற்பட்ட நஞ்சை என்று பிறகுதான் புரிந்தது.

பதில்: ஈரோடு எழுத்தர்

வள்ளத்தைப் பற்றி ஒன்று. தானியம் அளக்கும் வள்ளம் வேறு, நிலம் சொல்லும் வள்ளம் வேறு. நில வள்ளம் நான்கு ஏக்கர் என்பது பேச்சு வழக்கிலான மதிப்பே. அதை வைத்துப் பத்திரம் எழுத முடியாது. ஆனால் தங்கள் அப்பாரு காரணமில்லாமல் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அந்தப் புல எண்ணில் வேறு உட்பிரிவு உண்டா என்று அ-பதிவேட்டில் (கிராமத்தின் நிலப் பதிவேடு) பாருங்கள்.

கேட்டவர்: கொறங்காட்டான்

பார்த்துவிட்டேன். எங்களுடையது முதல் உட்பிரிவு. இரண்டாவது உட்பிரிவு 0 – 56.50, சின்ன அப்பாருவின் பேரன்கள் பெயரில் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 162 ஏர், சென்ட்டில் 400.3. அண்ணன் தம்பி பாகம் பிரிப்பதற்கு முன்பிருந்த முழுக் காட்டைத்தான் அவர் கடைசி வரை வள்ளம் என்று சொல்லியிருக்கிறார். நடுவில் இருக்கும் கிளுவை வேலியை நான் ஏதோ மாடு மறிக்கக் கட்டியது என்றே இதுவரை நினைத்திருந்தேன். தங்கைக்கும் எனக்கும் 130 சென்ட் வீதம் வரும். மீதி முக்கால் சென்ட்டை இட்டேரி (வேலிகளுக்கு இடையே போகும் வண்டிப்பாதை) பக்கமாக அவளுக்கே சேர்த்து அளக்கச் சொல்லிவிட்டேன்.