ரீஃபுக்குத் தமிழ்: ‘பவளப்பாறை’ வேண்டாம், ‘பார்’ போதும்

நண்பர்களுக்கு வணக்கம்.

கடலடியில் உயிரினங்கள் கட்டும் பாறை அமைப்பான ரீஃப் (reef) என்பதற்குப் ‘பவளப்பாறை’ பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறதே, அதையே புதைபடிவங்களை ஆராயும் தொல்லுயிரியலுக்கும் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டிருந்தீர்கள். இன்றைய கடலுக்குச் சரி. பழைய சுண்ணாம்புக்கல்லுக்குப் போனதும் அந்தச் சொல் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

டெக்சாஸ் குவாடலூப் மலையில் நிற்கும் கேப்பிட்டன் சுண்ணாம்புக்கல் சுமார் 26 கோடி ஆண்டுக்கு முந்தைய ரீஃப். அதைக் கட்டியதில் பெரும்பங்கு கடற்பஞ்சுகளுக்கும் பாசிகளுக்கும்தான், பவளத்துக்கு அங்கே பெரிய வேலையே இல்லை. டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலத்தில் கொம்பு மாதிரி வளர்ந்த ருடிஸ்ட் என்ற சிப்பிகள் நெருக்கியடித்து நின்று கடலடியை நிரப்பின. இதையெல்லாம் பவளப்பாறை என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே ‘இதில் பவளம் இல்லை’ என்று எப்படி எழுதுவது?

மன்னார் வளைகுடாவில் கடலடியில் கெட்டியாகப் பாறைபட்டுக் கிடக்கும் இடத்துக்கு மீனவர்கள் சொல்லும் பெயர் ‘பார்’. முத்துச்சிப்பி விளைந்தால் அது முத்துப்பார். இலங்கைப் பக்கம் முத்துக் குளித்த இடங்களில் ஒன்றின் பெயரே பெரிய பார். கட்டியது யார் என்று இந்தச் சொல் முன்கூட்டியே முடிவு செய்வதில்லை, அதனால்தான் இது நமக்கு வேண்டும். பவளப்பார், பஞ்சுப்பார், சிப்பிப்பார் என்று தேவைக்கேற்ப முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். பழையது தொல்பார். மேடாக எழும்பியது பார்மேடு, விரிப்பாகப் படர்ந்தது பார்ப்படுகை. ‘பார்’ என்றால் உலகம், பார் என்றால் காண் என்று குழப்பம் வரும் என்பார்கள். ‘படி’க்கு எத்தனை பொருள், அதை வைத்துக்கொண்டு நாம் குழம்பியா போனோம்?

அப்புறம், ஓரிடத்தில் சேர்ந்து வாழும் உயிர்களைக் குறிக்கும் ‘உயிர்ச்சமுதாயம்’ (community) என்ற சொல் பற்றி. கல்லில் இருப்பதையெல்லாம் சமுதாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திருச்சி பக்கத்துக் கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல் துண்டு ஒன்று என் மேசையில் இருக்கிறது, 10 கோடி ஆண்டுக்கும் மூத்தது. வெட்டிய முகத்தை நனைத்துக் கைலென்ஸில் பார்த்தால் வெள்ளை வெள்ளையாய்ப் பாசி ஏடுகள் ஒன்றின்மேல் ஒன்று சுற்றியிருப்பது தெரியும். ஒரு பவளம் நின்ற வாக்கிலேயே, அதன்மேல் பாசி படர்ந்தபடி இருந்தால் அவை சேர்ந்து வாழ்ந்தவை, சமுதாயம் என்று தாராளமாகச் சொல்லலாம். உடைந்து, தேய்ந்து, ஒரே அளவுத் துண்டுகளாக ஒதுங்கியிருந்தால் அலை கொண்டுவந்து கொட்டியது. அவை உயிரோடு ஒன்றையொன்று சந்தித்தே இருக்காது. அதற்கு ‘எச்சத்திரள்’ என்கிறேன். துண்டுகளுக்கு நடுவே நுண்சேறு தங்கியிருந்தால் அமைதியான நீர், சேறு கழுவிப்போய்ப் படிகம் நிரம்பியிருந்தால் அலையடித்த இடம் என்று அன்றைய கடலைத் திரும்பக் கட்டுவதே இந்தப் பிரிப்பை வைத்துத்தான், ஆகவே சொல்லிலும் இரண்டும் பிரிந்தே இருக்க வேண்டும்.

‘தொல்பார்’, ‘எச்சத்திரள்’ இரண்டையும் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாமா? கடலோரத்தில் வளர்ந்தவர்கள் யாராவது ‘பார்’ உங்கள் ஊரில் எதையெல்லாம் குறிக்கும் என்று எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு விளக்கத்தை முடிப்போம்.