பழைய ஸ்பீக்கர் ஜோடி: கண்டன்சர் எல்லாத்தையும் மாத்தணுமா, கெட்டதை மட்டுமா?

தூசிதட்டி:
வணக்கம் மக்களே. மாமா வீடு காலி பண்ணும்போது ஒரு ஜோடி ஸ்பீக்கரை என் தலையில கட்டிட்டார். அப்படி சொல்றேனே தவிர உள்ளுக்குள்ள ஒரே குஷி. எழுபதுகள்ல வந்தது, த்ரீ வே (கனத்த சத்தத்துக்கு வூஃபர், நடுவுக்கு மிட்ரேஞ்ச், கீச்சுக்கு ட்வீட்டர்னு மூணு ட்ரைவர்), ஓட்டை எதுவும் இல்லாத மூடின பெட்டி, 12 இன்ச் வூஃபர். நிலவரம் என்னன்னா ரெண்டு வூஃபர்லயும் கோனைச் சுத்தி இருக்கற ஃபோம் தொட்டா சாம்பல் மாதிரி உதிருது, இடது பெட்டியில ட்வீட்டர் பாடுதா தூங்குதான்னே தெரியல. பின்னாடி மிட்ரேஞ்சுக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனியா லெவல் குமிழ் இருக்கு. சால்டரிங் கொஞ்சம் வரும், ஸ்பீக்கர் திறந்து பழக்கம் இல்ல. எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?

எல்லாம்மாத்து:
யோசிக்கவே வேணாம் பாஸ். க்ராஸ்ஓவரை, அதான் சத்தத்தைப் பிரிச்சு ஒவ்வொரு ட்ரைவருக்கும் அனுப்பற சர்க்யூட்டைக் கழட்டுங்க, உள்ள இருக்கற எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர் எல்லாத்தையும் பிடுங்கிட்டு பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் (பிளாஸ்டிக் படலம் வெச்ச கண்டன்சர்) போடுங்க. வயரும் மாத்துங்க, பின்னாடி டெர்மினலும் மாத்துங்க, லெவல் குமிழைத் தூக்கி எறிஞ்சிட்டு நேரா ரெசிஸ்டர் போட்டுடுங்க. ஃபோம் புதுசு ஒட்டுங்க. ஒரே தடவை திறக்கறோம், ஒரே தடவையில முடிச்சிடணும்.

பழையகாது:
தம்பி அவசரப்படாதீங்க. மேல சொன்னதை எல்லாம் பண்ணி முடிச்சா உங்க கையில இருக்கறது மாமாவோட ஸ்பீக்கர் இல்ல, அந்தப் பெட்டிக்குள்ள குடியேறின வேற ஏதோ ஒண்ணு. நானே பண்ணிருக்கேன் இந்தத் தப்பை. என் ஜோடியில எல்லாத்தையும் ஃபிலிமா மாத்தினேன், முதல் நாள் ஆஹா என்ன தெளிவுன்னு இருந்துச்சு, ஒரு வாரத்துல காது வலி. பாடகி ஸ வர்ற எழுத்தைப் பாடும்போதெல்லாம் ஊசி குத்தற மாதிரி. அதை டிசைன் பண்ணினவன் முட்டாள் இல்ல, கையில இருந்த கண்டன்சரோட குணத்தையும் சேர்த்துத்தான் ட்யூன் பண்ணிருப்பான்.

ஓம்மீட்டர்:
//பாடகி ஸ வர்ற எழுத்தைப் பாடும்போதெல்லாம்//
அண்ணே, அதுக்குக் காரணம் ஃபிலிம் இல்ல, நீங்க ரெசிஸ்டர் போடாம விட்டது. எலக்ட்ரோலைட்டிக்குக்கு உள்ளேயே கொஞ்சம் ஓம் ரெசிஸ்டன்ஸ் இருக்கும், ஈஎஸ்ஆர்னு சொல்றது. ஃபிலிம்ல அது கிட்டத்தட்ட கிடையாது. அந்த அரை ஓமோ ஒரு ஓமோ சீரிஸ்ல ஒரு ரெசிஸ்டராப் போட்டிருந்தா ஊசி குத்திருக்காது.

தூசிதட்டி, இப்போதைக்கு ஒரு கண்டன்சரையும் தொடாதீங்க. ட்வீட்டர் ரெண்டையும் இடம் மாத்திப் போட்டுப் பாருங்க. கோளாறு வலது பக்கம் போச்சுன்னா ட்வீட்டர் காலி. இடதுலயே நின்னுச்சுன்னா ட்வீட்டர் நல்லாருக்கு, வழியில எங்கயோ அடைப்பு. மல்டிமீட்டர்லயும் ஒரு தடவை பாருங்க, 8 ஓம்னு எழுதின ட்ரைவர் 6 ஓம் பக்கம் காட்டினா பயப்படாதீங்க, டிசி ரெசிஸ்டன்ஸ் அப்படித்தான் இருக்கும்.

எல்லாம்மாத்து:
ஓம்மீட்டர், நீங்க அளந்துகிட்டே இருங்க நாங்க பாட்டு கேக்கறோம் :)
சீரியஸா கேக்கறேன், எலக்ட்ரோலைட்டிக்னா உள்ள ஈரப்பசை இருக்கற சாமான், கிட்டத்தட்ட 50 வருஷத்துல அது காயாம என்ன பண்ணும்? இன்னைக்கு அளந்தா சரியா காட்டும், அடுத்த வருஷம் போயிடும், மறுபடி வூஃபரைக் கழட்டி, பெட்டிக்குள்ள அடைச்சிருக்கற பஞ்சை வெளிய எடுத்து, குனிஞ்சு சால்டர் பண்ணி... இந்த வேலைய ரெண்டு தடவை பண்றவன் தான் முட்டாள்.

ஓம்மீட்டர்:
அது நியாயமான பேச்சு, ஒத்துக்கறேன். வயசான எலக்ட்ரோலைட்டிக் மேல எனக்கும் நம்பிக்கை இல்ல. நான் சண்டை போடறது "எல்லாம்"ங்கற வார்த்தையோட தான். காயில் (கம்பிச் சுருள்) கெடாது, வயர்வவுண்ட் ரெசிஸ்டர் கருகலைன்னா கெடாது, அந்தக் கால செம்பு வயர்ல தப்பே இல்ல. கண்டன்சரையும் அளந்துட்டு மாத்தினாத்தான் என்ன மாறுச்சுன்னு தெரியும். 8 ஓம் ட்வீட்டருக்கு 4 மைக்ரோஃபாரட் சீரிஸ்ல போட்டா சுமார் 5000 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டும், அதே கண்டன்சர் வயசாகி 5 ஆயிடுச்சுன்னா வெட்டு 4000க்கு இறங்கிடும், ட்வீட்டர் தனக்கு ஆகாத வேலையையும் சேர்த்து சுமக்கும். ஈஎஸ்ஆர் 2 ஓம் ஏறிட்டா சத்தம் 2 டெசிபல் பக்கம் குறையும். காது "ஏதோ மந்தமா இருக்கு"ன்னு மட்டும் தான் சொல்லும், மீட்டர் தான் இதுவா அதுவான்னு பிரிச்சு சொல்லும். அளக்கும்போது ஒரு காலையாவது சால்டர் எடுத்துத் தூக்கிடுங்க, போர்டுல இருக்கும்போதே அளந்தா பக்கத்துல இருக்கற காயிலும் ட்ரைவரும் சேர்ந்து பொய்க்கணக்கு காட்டும்.

வூஃபர் பக்கம் இருக்கற பெரிய வேல்யூவுக்கு ஃபிலிம் தேட வேணாம், சைஸ் செங்கல் மாதிரி வரும். புது பைபோலார் எலக்ட்ரோலைட்டிக் (ப்ளஸ் மைனஸ் பாக்காம மாட்டற வகை) போதும்.

பழையகாது:
கண்டன்சரை விடுங்க. ஃபோம் மாத்தினாலே ஒரிஜினல் போச்சு. இப்போ கிடைக்கறது அதே கனமா, அதே மிருதுவா? விறைப்பா இருந்தா வூஃபரோட ரெசொனன்ஸ் (அது தானா அதிர்ற அலைவரிசை) மேல ஏறும், பேஸ் வத்திடும்.

ஓம்மீட்டர்:
அண்ணே அப்போ உதிர்ற ஃபோமை என்ன பண்றது, சட்டம் போட்டு மாட்டறதா? பாலியூரித்தேன் காத்துல இருக்கற ஈரத்துலயே செத்துடும், பாட விடாம மூடி வெச்சாலும் உதிரும். விறைப்பு பத்தி நீங்க சொல்றது ஓட்டை வெச்ச பெட்டிக்கு நிறைய பொருந்தும். இவருது மூடின பெட்டி. 1954ல எட்கர் வில்ச்சர் ஏஆர்-1 ஸ்பீக்கர்ல கொண்டு வந்த ஐடியாவே இது தானே, கோனைத் திரும்ப இழுக்கற வேலைய பெட்டிக்குள்ள அடைபட்ட காத்து பாத்துக்கும், ஃபோம் சும்மா தளதளன்னு பிடிச்சிட்டிருந்தா போதும். காத்தோட ஸ்ப்ரிங் தான் ஜாஸ்தி, அதனால ஃபோம்ல சின்ன வித்தியாசம் இருந்தா முழுகிடாது. ஆனா காத்து கசிஞ்சா கதை கந்தல். மாட்டினப்புறம் கோனை ரெண்டு பக்கமும் விரல் வெச்சு சமமா மெதுவா அமுக்கி விடுங்க, சோம்பேறித்தனமா நிதானமா திரும்பி வரணும். டக்குனு வந்துச்சுன்னா எங்கயோ லீக்.

தூசிதட்டி:
ட்வீட்டரை மாத்திப் போட்டேன். கோளாறு இடதுலயே நின்னுடுச்சு. ஆக ட்வீட்டர் நல்லாருக்கு.

எல்லாம்மாத்து:
சொன்னேன்ல! கண்டன்சர்!

பழையகாது:
இருங்க இருங்க. தம்பி, பின்னாடி அந்தக் குமிழைத் திருகிப் பாத்தீங்களா? கரகரன்னு சத்தம் வருதா? வருஷக்கணக்கா ஒரே இடத்துல நின்ன கன்ட்ரோல்ல பச்சையா களிம்பு ஏறிடும். ஏஆர்-3ஏ ஸ்பீக்கர் வெச்சிருக்கற யாரைக் கேட்டாலும் இந்தப் புலம்பல் தான் முதல்ல வரும், ட்வீட்டர் செத்துப்போச்சுன்னு நினைப்பாங்க, பாத்தா குமிழ். ஒரு க்ளிப் வயரால கன்ட்ரோலை பைபாஸ் பண்ணிப் பாருங்க.

தூசிதட்டி:
அண்ணே!!! பைபாஸ் பண்ணின அடுத்த செகண்ட் ட்வீட்டர் கத்துது. கழட்டிப் பாத்தா உள்ள பாசி பிடிச்ச கிணறு மாதிரி இருக்கு.

பழையகாது:
:) அதை எறிஞ்சிடாதீங்க. பிரிச்சு, நைசான உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, கான்டாக்ட் க்ளீனர் அடிச்சு, சுத்தும்போது தொடர்பு விடாம இருக்கான்னு மீட்டர்ல பாத்து திரும்ப மாட்டுங்க. சும்மா பின்னாலேர்ந்து ஸ்ப்ரே மட்டும் அடிச்சா கொஞ்ச நாள் தான் வரும்.

எல்லாம்மாத்து:
சரி குமிழ் விஷயத்துல நான் அவுட். கண்டன்சர் அளந்தீங்களா இல்லையா? அதை சொல்லுங்க.

தூசிதட்டி:
அளந்தேன். ட்வீட்டர் லைன்ல இருக்கற 6 மைக்ரோஃபாரட் இடதுல 7.4, வலதுல 6.3. மிட்ரேஞ்ச் லைன்ல ரெண்டும் பத்து சதவீதத்துக்குள்ள. மாத்தறதா வேணாமா? ஆளுக்கு ஒண்ணு சொல்லாதீங்கப்பா.

ஓம்மீட்டர்:
ட்வீட்டர் ரெண்டையும் மாத்துங்க. வலது நல்லாத்தானே இருக்குன்னு விட்டுடாதீங்க, ஸ்டீரியோல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லைன்னா பாடறவர் நடுவுல நிக்காம ஒரு பக்கமா சாஞ்சு நிப்பார். ஃபிலிம் போட்டா அரை ஓம் ரெசிஸ்டர் சேர்த்துக்கங்க. மிட்ரேஞ்ச் உங்க இஷ்டம்.

எல்லாம்மாத்து:
மிட்ரேஞ்சும் மாத்துங்க. அடுத்த வருஷம் என்னைத் தேடுவீங்க.

தூசிதட்டி:
அதையும் மாத்திட்டேன், மறுபடி குனிய முதுகு ஒத்துக்காது. பஞ்சு ஃபைபர்க்ளாஸ், க்ளவுஸ் போடாம கை விட்டு ரெண்டு நாள் அரிப்பு, யாராவது முன்னாடியே சொல்லிருக்கலாம். ஃபோம் ஒட்டினது தான் பெரிய வேலை. பழைய பசைய ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வெச்சு ஊறவிட்டு சுரண்டவே ஒரு முழு நாள். பேப்பர் கோன்ங்கறதால வெள்ளைப் பசை, முதல்ல கோன் பக்கம், அது காஞ்சப்புறம் ஃப்ரேம் பக்கம். ஃப்ரேம்ல பசை ஈரமா இருக்கும்போதே 30 ஹெர்ட்ஸ் டோனை சின்ன சத்தத்துல ஓடவிட்டு, வாய்ஸ் காயில் (கோனை அசைக்கற சுருள்) உரசற சத்தம் நிக்கற வரைக்கும் விரலால நகத்தி நகத்தி செண்டர் பண்ணினேன். டஸ்ட் கேப்பை (கோன் நடுவுல இருக்கற மூடி) வெட்டவே இல்ல.

இப்ப பிரச்சனை என்னன்னா ரெண்டையும் மாட்டிப் போட்டேன், கீச்சு சத்தம் எல்லாம் தேன் மாதிரி இருக்கு, ஆனா பேஸ் சுத்தமா இல்ல. தனித்தனியா போட்டா ரெண்டுலயும் பேஸ் இருக்கு, சேர்த்துப் போட்டா காணோம்.

பழையகாது:
நான் தான் சொன்னேனே, புது ஃபோம்...

ஓம்மீட்டர்:
அண்ணே கொஞ்சம் பொறுங்க. தூசிதட்டி, ஒரு 1.5 வோல்ட் பேட்டரி எடுங்க. ப்ளஸ்ஸை சிவப்பு டெர்மினல்ல, மைனஸை கருப்புல ஒரு நொடி தொட்டு எடுங்க. வூஃபர் எந்தப் பக்கம் அசையுதுன்னு ரெண்டு பெட்டியிலயும் பாருங்க. ரெண்டும் ஒரே பக்கம் போகணும், அது தான் முக்கியம், எதிரெதிரா போனா ஒண்ணோட பேஸை இன்னொண்ணு அழிச்சிடும். பழைய ஜேபிஎல் கம்பெனி ஸ்பீக்கர் ஜோடில ரெண்டுமே உள்பக்கம் போகும், அதுல தப்பில்ல.

தூசிதட்டி:
ஒண்ணு வெளிய வருது, ஒண்ணு உள்ள போகுது. வலது வூஃபர்ல வயரை மாத்தி சால்டர் பண்ணிருக்கேன்.

எல்லாம்மாத்து:
வயரையும் மாத்தச் சொன்னேன்ல, கேட்டிருந்தா புதுசுல கலர் பாத்து போட்டிருப்பீங்க :)

தூசிதட்டி:
கலர் பாத்துத்தான் போட்டேன் பாஸ், ராத்திரி ரெண்டு மணிக்கு. சரி, மறுபடி திறக்கறேன். இந்தத் தடவை க்ளவுஸ் போட்டுக்கிட்டு.