"காட்டான்"னு உங்களை யாரு, எப்போ கூப்பிட்டாங்க?

முந்திரிக்காட்டான்:
திட்டாவா, செல்லமாவா, ரெண்டுக்கும் நடுவுலயா? என் கதையை முதல்ல சொல்லிடறேன்.

2009ல பண்ருட்டிக்கு மேற்கே ஒரு முந்திரிக்காட்டு ஊர்லேர்ந்து புதுச்சேரிக்குப் படிக்க வந்தேன். ஹாஸ்டல் மெஸ்ல எதிர்ல உட்கார்ந்தவன் என் கையையே பார்த்தான். லீவு பூரா அம்மாகூட உட்கார்ந்து கொட்டை உடைச்ச கை. வறுத்த கொட்டையைக் கட்டையால தட்டும்போது தோட்டு எண்ணெய் தெறிக்கும். சாம்பல் தடவிக்கிட்டாலும் விரல் நுனி கருத்துத் தோல் உரியும். "என்னடா, தார் ரோடு போட்டுட்டு வந்தியா?"ன்னான். விஷயத்தைச் சொன்னேன். அன்னிக்கே பேரு விழுந்துடுச்சு, முந்திரிக்காட்டான். ஒரு வாரத்துல முந்திரி உதிர்ந்து வெறும் காட்டான்.

ரெண்டாந்தடவை சோறு வாங்கினா காட்டான். தலை வாராம கிளாசுக்குப் போனா காட்டான். கபடியில ரெண்டு பேரை இழுத்துக்கிட்டே வந்து கோட்டைத் தொட்டா "காட்டான்டா!"ன்னு விசில். மூணாவது மாடிக்குத் தண்ணி கேன் ஏத்தணும்னா மட்டும் "காட்டான் இருக்கான்ல, பார்த்துக்குவான்." இதெல்லாம் பழகிடுச்சு. வலிச்சது ஒண்ணுதான். போன்ல அம்மாகிட்ட "அப்பா கொல்லைக்குப் போயிட்டாரா?"ன்னு கேட்டேன், ரூமே உருண்டு சிரிச்சது. எங்க பக்கம் கொல்லைன்னா பயிர் வெக்கிற மேட்டு நிலம். சென்னைப் பசங்களுக்கு அது வேற சமாச்சாரம்.

ஓ.டி. பொண்ணு:
நான் பொறந்தது கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்), வாக்கப்பட்டது சேலம் பக்கம். அங்க காடுன்னாலே விவசாய நிலம். பொண்ணு பார்க்க வந்தவங்க பெருமையா "எங்களுக்குப் பத்து ஏக்கர் காடு இருக்கு"ன்னாங்க. எங்க பாட்டி அம்மாவை அடுப்பங்கரைக்கு இழுத்துட்டுப் போய், "புள்ளைய புலிக்கா கட்டிக் குடுக்கப்போற?"ன்னு கேட்டாங்க. இன்னைக்கும் என் வீட்டுக்காரருக்கு எங்க வீட்டுல காட்டான்னுதான் பேரு.

நெய்வேலி ஆளு:
கூப்பிட்டவன் பக்கத்துலேர்ந்து ஒரு குரல். டவுன்ஷிப்ல வளர்ந்தவன் நான். சுத்துப்பட்டு ஊர்ப் பசங்களை "வில்லேஜ்"னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவோம். பழுப்பு நிலக்கரி தோண்டின இடமே அவங்க தாத்தாக்களோட கொல்லைன்னு ரொம்ப லேட்டாத்தான் எனக்கு உறைச்சது.

வில்லியனூரான்:
மதகடிப்பட்டு செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குச் சித்தப்பாவோட மாடு வாங்கப் போனேன். அந்த ரோடே வேடிக்கை. புதுச்சேரியில கிளம்பி, நடுவுல கண்டமங்கலத்துல தமிழ்நாட்டைத் தாண்டி, மறுபடி புதுச்சேரிக்குள்ள நுழையணும். டவுன்லயே இருந்த சித்தப்பாவுக்கு அதெல்லாம் ஒரே பட்டிக்காடு. அழுக்கு வேட்டியும் காதுல பீடியுமா ஒரு பெரியவர் மாட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். "காட்டான்தான், விலை தெரியாது. நீ பேசாம இரு"ன்னு சித்தப்பா என் காதைக் கடிச்சார்.

துண்டைப் போட்டு மூடிக் கையைப் பிடிச்சாங்க. விரலைப் பிடிக்கிற கணக்குல விலை. சுத்தி நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. பெரியவர் எங்கேயோ பார்த்துக்கிட்டு நின்னார். சித்தப்பாவுக்கு மட்டும் வேர்த்து ஊத்துது. கையை உருவினப்போ நினைச்சதுக்கு மேல நாலாயிரம் ஒத்துக்கிட்டிருந்தார். தரகர் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "காட்டான்தான் சார். கையில என்ன இருக்குன்னு கடைசி வரைக்கும் காட்டான்."

வீடு வர்ற வரைக்கும் சித்தப்பா வாயைத் திறக்கல. ஆனா மாடு நல்ல மாடு, அதையும் சொல்லணும்.

முந்திரிக்காட்டான்:
அந்தத் தரகர் கால்ல விழணும் போல இருக்கு!

மிச்சத்தையும் சொல்லிடறேன். 2011 டிசம்பர் 30, தானே புயல். எங்க கொல்லையில நின்ன மரத்தை விரல் விட்டு எண்ணிடலாம். தாத்தா வெச்ச முந்திரியெல்லாம் வேரோட சாய்ஞ்சு கிடந்துச்சு. கரண்ட் இல்ல, போனும் போகல. மூணாம் நாள் காலையில, தார் ரோடுன்னு கிண்டலடிச்ச அதே பையன், விழுந்து கிடந்த மரத்தையெல்லாம் சுத்திக்கிட்டு பைக்கைத் தள்ளிட்டே வந்து வாசல்ல நின்னான். டேங்க் மேல ஒரு தண்ணி கேன். "காட்டான், கோடாலி எங்கடா?"ன்னான்.

பொழுது சாயறதுக்குள்ள அவன் ரெண்டு உள்ளங்கையிலயும் கொப்புளம். ராத்திரி சிம்னி வெளிச்சத்துல அம்மா அவன் கையைப் பிடிச்சுத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாங்க.