பி85டி: அந்த 691 ஹெச்பி எங்கே இருக்கிறது?

கணக்கன்:
உற்பத்தி நின்றுபோன டெஸ்லா மின்கார் மாடல் எஸ் பி85டி பற்றி ஒருவர் "691 ஹெச்பியை நான்கு சக்கரத்திலும் இறக்கிய செடான்" என்று எழுதியிருக்கிறார். எத்தனை தடவை சொன்னாலும் இந்த 691 சாகமாட்டேன் என்கிறது. பின் மோட்டார் 470, முன் மோட்டார் 221, கூட்டினால் 691. கூட்டல் சரிதான். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் அவ்வளவு கொடுக்க அந்த பேட்டரியால் முடியாது. டெஸ்லாவே பிறகு 463 என்று போட்டது. தெரியாமல் எழுதினால் தெரிந்துகொள்ளுங்கள், தெரிந்தே எழுதினால் நிறுத்துங்கள்.

திருகுவிசை:
எழுதியது நான்தான் சார். மாற்றமாட்டேன். மின்மோட்டாரின் திறனை எப்படி அளப்பது என்பதற்கு ஐ.நா.வின் ஆர்85 விதி இருக்கிறது. அது மோட்டாரை அளக்கிறது, பேட்டரியை அல்ல. மோட்டார்கள் 691, அவ்வளவுதான். 2,200 கிலோவுக்கு மேல் எடையுள்ள கார் 3.1 நொடியில் மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொடுகிறது. வெறும் 463 வைத்துக்கொண்டு அப்படிப் பாய முடியுமா?

கணக்கன்:
முடியும். பாய்ச்சலுக்கும் உச்சத் திறனுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். ஆளோடு சேர்த்து 2,300 கிலோ என்று வையுங்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் 1ஜி (புவியீர்ப்பு அளவு) முடுக்கத்துக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 190 கிலோவாட். அதுவரைக்கும் வேலை செய்வது டார்க், அதாவது சக்கரத்தைத் திருகும் விசை. பேட்டரி வரம்பு இடிப்பது அதற்கு மேலேதான். நெடுஞ்சாலை வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் "இவ்வளவுதானா" என்று தோன்றுவது அதனால்தான்.

இப்போது கணக்கு. பேட்டரியில் 16 மாட்யூல் (செல் தொகுப்பு), ஒவ்வொன்றிலும் 6 வரிசை, ஆக 96 செல் தொடராக. முழு சார்ஜில் செல்லுக்கு 4.2 வோல்ட், மொத்தம் 403. பி85டியின் உச்ச மின்னோட்டம் 1,300 ஆம்பியர். அவ்வளவு இழுக்கும்போது வோல்ட்டேஜ் 320 பக்கம் விழுந்துவிடும். 320 பெருக்கல் 1,300, வருவது 416 கிலோவாட். இன்வெர்ட்டர் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் கருவி), மோட்டார், கியர் இழப்புகளை இன்னும் கழிக்கவே இல்லை. 691 ஹெச்பி என்றால் 515 கிலோவாட். 320 வோல்ட்டில் அதற்கு 1,610 ஆம்பியர் வேண்டும். எங்கிருந்து வந்தது?

பழைய_பிஸ்டன்:
அந்த 3.1 நொடியையும் விடாதீர்கள். அது முதல் ஓரடி தூரத்தைக் கழித்த கணக்கு. 1ஜியில் 30 சென்டிமீட்டரைக் கடக்க கால் நொடி, அதற்குள் கார் மணிக்கு 9 கி.மீ. எடுத்துவிடும். சாதா 85டிக்கு அந்தச் சலுகை இல்லாமல் போட்டார்கள், பி85டிக்கு மட்டும் சலுகையோடு. பக்கத்தில் பக்கத்தில் வைத்து விற்றார்கள்.

திருகுவிசை:
பெட்ரோல் கார்க்காரர்களின் டிராக் ரேஸ் வழக்கமே அந்த ஓரடிதான் பிஸ்டன் அண்ணே. உங்கள் வண்டிக்கு என்றால் மரபு, எங்கள் வண்டிக்கு என்றால் மோசடியா?

மசகுக்கை:
691, 463 என்று அடித்துக்கொள்கிறீர்கள். பழைய பி85டி வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது பின் டிரைவ் யூனிட்டை, அதாவது மோட்டாரும் கியரும் இன்வெர்ட்டரும் சேர்ந்த பெட்டியை. மோட்டாரின் சுழலும் பாகமான ரோட்டரின் தண்டுக்கு உள்ளேயே கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) ஓடுகிறது. அங்கே இருக்கும் சீல் தேய்ந்தால் கூலண்ட் முதலில் வேக சென்சார் இருக்கும் அறைக்கு வரும், அப்புறம் சுழலாத சுருள் பாகமான ஸ்டேட்டர், கடைசியில் இன்வெர்ட்டர். இன்சுலேஷன் எச்சரிக்கை திரையில் வரும்போது காரியம் கைமீறியிருக்கும். வேக சென்சாரைக் கழற்றி நுனியைப் பாருங்கள். காய்ந்திருந்தால் நல்லது. ஈரமோ வெளிறிய படிவோ இருந்தால் பேரத்தை அங்கேயே நிறுத்துங்கள்.

திருகுவிசை:
அதற்குத்தான் ரோட்டருக்குப் போகும் கூலண்டை மறித்துவிடும் கிட் வந்துவிட்டதே. மாட்டினால் தொல்லை தீர்ந்தது.

மசகுக்கை:
தீராது தம்பி. இது இண்டக்ஷன் மோட்டார், ரோட்டரே சூடாகும் ஜாதி. உள்ளே கூலண்ட் போகாவிட்டால் அந்தச் சூடு எங்கே போகும்? ஆபீஸ் போய்வர ஓட்டுபவருக்கு அந்த கிட் சரி. தொடர்ந்து முழு மிதி மிதிப்பவருக்கு நல்ல சீல் போட்டு, பேரிங்கையும் செராமிக்காக மாற்றுவதுதான் முறை. இல்லாவிட்டால் மின்னோட்டம் பேரிங் வழியாகப் பாய்ந்து குழி விழுந்து, அரைக்கும் சத்தம் திரும்ப வரும்.

திருகுவிசை:
கூலண்டை மறித்த வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. சீல் மாற்றும் வேலை செய்பவர்களுக்கு அந்த கிட் பிடிக்காது, புரிகிறது.

மசகுக்கை:
என் தொழிலைப் பற்றிப் பேச வேண்டாம். ரோட்டர் வெப்பத்தைப் பற்றிப் பேசுங்கள்.

கணக்கன்:
இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். 1,610 ஆம்பியருக்குப் பதில் வரவில்லை. 2015 ஜூலையில் லூடிக்ரஸ் என்ற பாய்ச்சல் மேம்பாடு வந்தது. உருகும் கம்பி ஃபியூஸுக்குப் பதில் மின்னோட்டத்தை மில்லிநொடிக் கணக்கில் கவனித்து வெடித்துத் துண்டிக்கும் ஃபியூஸ், பேட்டரியை இணைத்துத் துண்டிக்கும் எஃகு கான்டாக்டருக்குப் பதில் சூடு தாங்கும் இன்கோனெல் உலோகக் கலவை. ஏற்கெனவே பி85டி வைத்திருந்தவர்களுக்கு 5,000 டாலர், வேலைக்கூலி தனி. இத்தனைக்கும் பிறகு உச்சம் 1,500 ஆம்பியர். வோல்ட்டேஜ் இன்னும் விழாது என்று தாராளமாக 320 வைத்தாலும் 480 கிலோவாட்தான். கூடுதல் காசு கொடுத்தவருக்கே எட்டாத 691, கொடுக்காதவருக்கு எப்படி எட்டும்?

திருகுவிசை:
மோட்டார் திறன், பேட்டரி திறன் இரண்டும் வேறு என்று 2015 செப்டம்பரிலேயே டெஸ்லாவின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஜே.பி. ஸ்ட்ராபெல் விளக்கி எழுதிவிட்டார். படிக்காதது யார் குற்றம்?

கணக்கன்:
கார் விற்பனைக்கு வந்தது 2014இல். விளக்கம் வந்தது 2015இல். நார்வேக்காரர்கள் இதைத்தான் கேட்டார்கள். அங்கே மெட்ரிக் கணக்கில் 700 என்று சொல்லி விற்றது. 2016இல் நுகர்வோர் தகராறு ஆணையம் வாங்கியவர் பக்கம் நின்று ஆளுக்கு 50,000 குரோனர் என்றது. அந்த டிசம்பரில் வழக்குப் போட்ட 126 பேரோடு டெஸ்லா சமரசம் செய்துகொண்டது. 691 நிஜம் என்றால் எதற்குச் சமரசம்?

பழைய_பிஸ்டன்:
2019 அப்டேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய பேட்டரிகளின் உச்ச வோல்ட்டேஜைக் குறைத்தார்கள், அதாவது கொள்ளும் சார்ஜையே. 2021இல் 1,743 கார்களுக்குத் தலா 625 டாலர், வக்கீல் செலவையும் சேர்த்து மொத்தம் 15 லட்சம் டாலர் சமரசம். டாங்க்கைத் தூர்த்துவிட்டு 625 டாலர்.

திருகுவிசை:
பேட்டரியைப் பாதுகாக்கச் செய்தது அது. இங்கே பேச்சு மோட்டாரைப் பற்றி. பேச்சை மாற்றாதீர்கள்.

கணக்கன்:
நான் மாற்றவில்லை, அளக்கச் சொல்கிறேன். நடுக் கன்சோல் பக்கம் இருக்கும் டயக்னாஸ்டிக் இணைப்பில் அடாப்டர் கேபிள் மாட்டி, கேன் பஸ்ஸில் (காரின் உள் தகவல் இணைப்பு) பேட்டரி வோல்ட்டையும் ஆம்பியரையும் பதிவு செய்யுங்கள். சார்ஜ் 90 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும். பேட்டரியை முதலில் சூடாக்குங்கள், குளிர்ந்த செல்லில் உள்மின்தடை கூடி வோல்ட்டேஜ் இன்னும் விழும். மணிக்கு 50இலிருந்து 130 கி.மீ. வரை மூடிய தடத்தில் முழு மிதி. ஒவ்வொரு வரியிலும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். 515 கிலோவாட் வந்தால் காட்டுங்கள்.

திருகுவிசை:
அது பேட்டரியின் அளவு. மோட்டாரின் திறன் 691. எழுதியது எழுதியதுதான்.

மசகுக்கை:
அளக்கப் போகிறவர் அதற்கு முன்னால் சென்சார் நுனியைப் பார்த்துவிட்டு மிதிக்கட்டும்.

கணக்கன்:
பார்க்கட்டும். 1,610 ஆம்பியர் எங்கிருந்து? ஒரு வரியில் பதில் போதும், விதி எண் வேண்டாம்.